சிறுபான்மையினர் நலமும் செவிலியர் ஆய்வும்: எது முதன்மை?

மருந்து கொடுத்தல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக அதனை வைத்துப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். ஆயின், எந்த நோய்க்கு எந்த மருந்து, எவருக்கு எவ்வகைப் பராமரிப்பு என்பதை அறிந்தாலன்றிக் கொடுக்க இயலாது. எனவே கொடுத்தலுக்கு முன்னே அறிதல் நிற்கிறது; அறிதலுக்கு முன்னே கேட்டல் நிற்கிறது. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது, எதனை முதலிற் கேட்பது என்னும் தேர்வு ஒவ்வொன்றும், நாம் எண்ணிப் பாராமலேயே, ஓர் அறத்தீர்ப்பாக அமைந்துவிடுகிறது.

ஆய்வுக்குரிய பொருளும் காலமும் எந்த நாட்டிலும் அளவுடையவையே. ஒரு வினாவை முன்னே வைத்தால் மற்றொன்று பின்னே செல்லும். அவ்வாறு பின்னே தள்ளப்படுவது பெரும்பாலும் எண்ணிக்கையிற் சிறியோர், வறியோர், குரலற்றோர் ஆகியோரின் துன்பமாகவே இருந்து வந்துள்ளது. சிறுபான்மை மக்களின் உடல்நலம் மேம்படுவதற்குச் செவிலியர் ஆய்வு எதற்கு முதன்மை தரவேண்டும் என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக விரிவாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அந்நாடு பெற்ற படிப்பினைகளை அடிப்படையாகக் கொண்டு, அவ்வினாவின் அறப்பகுதியை இக்கட்டுரையில் சிந்திக்க முற்படுகிறோம்.

செவிலியர் ஆய்வு என்பது யாது?

செவிலியர் என்றதும், மருத்துவர் இட்ட பணியைச் செய்பவர் என்னும் எண்ணமே பலர்க்கும் தோன்றுகிறது. அவர்க்கும் ஆய்வுக்கும் தொடர்பு யாது என வினவுவாரும் உளர். நோயின் காரணத்தையும் அதனை அகற்றும் வழியையும் மருத்துவ ஆய்வு தேடுகிறது. நோயோடு வாழும் மனிதரைச் செவிலியர் ஆய்வு நோக்குகிறது. எழுதித் தந்த மாத்திரையை அவரால் வாங்க முடிந்ததா, வாங்கியதை உட்கொண்டாரா, கொள்ளாது விட்டாராயின் ஏன் விட்டார், இல்லத்தில் அவரைக் கவனிப்பவர் யார், தம் வலியை அவர் எச்சொற்களாற் கூறுகிறார், அச்சொற்கள் கேட்போர்க்கு விளங்கினவா என்பன அதன் வினாக்கள். மருத்துவர் சில நிமிடங்கள் காணும் நோயாளியைச் செவிலியர் இரவும் பகலும் காண்கிறார். அந்த அருகாமையே இவ்வாய்வின் கருவியாகும்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்வழி, அந்நாட்டின் தேசிய உடல்நல நிறுவனங்களுக்குள் செவிலியர் ஆய்வுக்கென ஒரு மையம் 1986இல் தோன்றியது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசியச் செவிலியர் ஆய்வு நிறுவனமாக உயர்த்தியது. அந்நிறுவனங்களின் நிதியில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. அதற்கு முன் பல ஆய்வுகள் வெள்ளையின ஆண்களை மட்டும் நோக்கி, அவர்களிடம் கண்டதை அனைவர்க்கும் உரியதெனக் கொண்டிருந்தன.

செவிலியர் ஆய்வு மையத்துக்கான சட்டம் நிறைவேறிய அந்த 1985ஆம் ஆண்டிலேயே, அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் அமைத்த குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. கறுப்பினத்தாரும் ஏனைய சிறுபான்மையினரும் வெள்ளையினத்தாரைப் போன்ற நலம் பெற்றிருப்பின் நேர்ந்திராத மரணங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 என அவ்வறிக்கை கணக்கிட்டது. புற்றுநோய், இதயநோயும் பக்கவாதமும், நீரிழிவு, சிசு மரணம், கொலையும் விபத்தும், போதைப் பழக்கம் ஆகிய ஆறுமே அவற்றுட் பெரும்பகுதிக்குக் காரணங்களாயின. அந்நோய்களுட் பலவற்றுக்கு மருந்தும் தடுப்பு முறையும் அறியப்பட்டிருந்தன. அறியப்பட்டவை அம்மக்களைச் சென்று சேரவில்லை.

அருகாமையும் நம்பிக்கையும்

சென்று சேரவில்லையாயின் நெருங்கிச் செல்வதுதானே வழி என்று தோன்றும். அருகிற் சென்று பழகினாலே அறம் நிறைவேறிவிடும் எனக் கருதுவோர்க்கு, டஸ்கிகி ஆய்வின் வரலாறு கடினமானதொரு மறுமொழியைத் தருகிறது.

அலபாமா மாநிலத்தின் மேக்கன் வட்டாரத்தில் 1932ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர் 399 பேரும், அந்நோய் இல்லாத 201 பேரும் அதிற் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் ஏழை உழவர்கள். அவர்கட்கு நோயின் பெயர் கூறப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றே சொல்லப்பட்டது. மருத்துவம் செய்யப்படுகிறது என அவர்கள் நம்பினர். உண்மையிலோ, மருத்துவம் இன்றி விடப்பட்டால் அந்நோய் உடலை எவ்வாறு அழிக்கிறது என்பதைக் கண்டு குறித்துக்கொள்வதே ஆய்வின் நோக்கம். 1940களின் இறுதியில் பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்றது. அதன் பின்னரும் அவர்கட்கு அது வழங்கப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தும்வரை, நாற்பது ஆண்டுகள் அந்நிலை நீடித்தது.

இந்நீண்ட காலம் முழுவதும் அம்மனிதர்களை ஆய்வோடு பிணைத்து வைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் செவிலியர். அவரும் கறுப்பினத்தைச் சேர்ந்தவரே. தம் வாகனத்தில் அவர்களை ஏற்றிச் சென்றார். இல்லங்களுக்குச் சென்று நலம் வினவினார். இறந்தோர் வீட்டில் துக்கத்திற் பங்கு கொண்டார். இறந்தபின் உடலைப் பிரித்து ஆராய இசைந்தால் அடக்கச் செலவு தரப்படும் என்பதையும் குடும்பத்தாரிடம் எடுத்துக் கூறினார். மருத்துவர்கள் வந்து போயினர். அவர் மட்டும் நிலைத்திருந்தார். மக்கள் நம்பியது தொலைவிலிருந்த அரசுத் துறையை அன்று; தம்மை நன்கறிந்த அந்தச் செவிலியரை. 1958இல் அரசு அவர்க்கு விருதும் வழங்கியது.

அவரைத் தூற்றுதல் எம் நோக்கமன்று. வேறு எந்த மருத்துவ உதவியும் எட்டாத மக்கட்குச் சிறிதளவேனும் கவனிப்பு கிடைக்கிறது என அவர் கருதியிருத்தல் கூடும். கறுப்பினப் பெண்ணான ஒரு செவிலியர் மேலதிகாரிகளை எதிர்த்து நிற்பது அக்காலத்தில் எளிதன்று என்பதும் உண்மையே. ஆயினும் நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. பாவத்தைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாகப் பிரித்துக் காணும் நெறி நமக்குப் பழக்கமானது. டஸ்கிகியில் எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. ஒருவர் திட்டம் வகுத்தார். ஒருவர் இரத்தம் எடுத்தார். ஒருவர் அட்டவணை நிரப்பினார். ஒருவர் அன்போடு அழைத்து வந்தார். இம்சை அவர்கள் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதால், எவர் கையிலும் அது கனக்கவில்லை. அன்புங்கூட, எதற்குப் பயன்படுகிறது என வினவப்படாதபோது, இம்சையின் கருவியாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நிகழ்ச்சியின் விளைவாக 1974இல் ஆய்வுக்குட்படும் மனிதரைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன், உயிரோடிருந்த சிலரிடமும் இறந்தோரின் குடும்பத்தாரிடமும் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். சட்டமும் மன்னிப்பும் வந்தன. குலைந்த நம்பிக்கையோ அவ்வளவு விரைவில் திரும்பவில்லை.

ஒப்புதலின் எல்லை

சட்டம் வந்தபின் குறை தீர்ந்துவிட்டதா எனின், அதுவும் இல்லை. அரிசோனா மாநிலத்தின் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவாசுபாய் என்னும் பூர்வகுடியினர் சில நூற்றுவரே. அவர்களிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. அதன் காரணத்தை அறிய உதவும் என நம்பி, 1990ஆம் ஆண்டு முதல் அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் அளித்தனர். பின்னர் அதே இரத்தம் மனநோய், நெருங்கிய உறவினரிடையே மணம், அக்குடி எங்கிருந்து வந்தது என்பன போன்ற வேறு ஆய்வுகட்கும் பயன்பட்டது 2003இல் அவர்கட்குத் தெரியவந்தது. தம் தோற்றத்தைப் பற்றி அவர்கள் போற்றிவந்த நம்பிக்கைக்கு மாறான முடிவுகள், அவர்கள் அளித்த இரத்தத்திலிருந்தே எழுதப்பட்டன. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் வழங்கவும், எஞ்சிய இரத்தத்தைத் திருப்பித் தரவும் இசைந்தது.

அவர்கள் கையொப்பமிட்ட தாள் இருந்தது. அதன் சொற்கள் பரந்த பொருளுடையனவாயும் இருந்தன. ஆயின், அவர்கள் மனத்தில் நினைத்து இசைந்தது நீரிழிவு ஒன்றுக்கே. கொடுத்தவர் எதைக் கொடுத்ததாக எண்ணினாரோ அதற்கு மேற்பட எடுத்துக்கொள்ளுதல், கொடாததைக் கொள்வதற்கு ஒப்பாகும். ஒப்புதல் ஒருநாள் வாங்கி முடிக்கும் கையொப்பமன்று. நோக்கம் மாறுந்தோறும் மீண்டும் கேட்டுப் பெறவேண்டிய இசைவாகும். ஒரு சிறு சமூகத்தைப் பற்றிய முடிவு அதன் உறுப்பினர் அனைவரையும் தொடுமாதலின், தனி மனிதரின் இசைவோடு சமூகத்தின் இசைவும் வேண்டப்படுகிறது. எந்த நோயை ஆராய்வது என்னும் வினாவுக்கும் முன்னதாக, எந்த உறவில் நின்று ஆராய்வது என்பது தீர்க்கப்பட வேண்டும். எம் கருத்தில் இதுவே முதன்மையுள் முதன்மை.

குறை உடலிலா, அமைப்பிலா?

அடுத்து எழுவது, எங்கே தேடுவது என்னும் வினா. ஒரு மக்கட்பிரிவில் நோய் மிகுந்திருக்கக் கண்டால், அவர்கள் இரத்தத்திலும் பழக்கத்திலும் குறை தேடுவது ஆய்வாளரின் பழைய வழக்கம். தேடும் கண்ணிலேயே குறை இருத்தல் கூடும் என்பதை அண்மைக் காலம் பலவாறு உணர்த்தியுள்ளது.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் நம் இல்லங்களுக்கும் வந்தது. அக்கருவி கருநிறத் தோலில் உண்மையை விட உயர்ந்த அளவைக் காட்டுவதுண்டு. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது, வெள்ளையினத்தாரை விடக் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மும்மடங்கு என 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது எனக் கணிக்கும் சூத்திரம், கறுப்பினத்தார் என்ற ஒரே காரணத்தால் அளவை உயர்த்திக் காட்டிவந்தது. அதனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிற் சிலர் காலந்தாழ்ந்தே இடம்பெற்றனர். 2021இல் அந்நாட்டுச் சிறுநீரக வல்லுநர் குழு இனத்தை நீக்கிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. கறுப்பினத்தாரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்ந்நம்பிக்கை ஒன்றேனும், வெள்ளையின மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர் ஆகியோருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருந்ததை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அத்தகையோர் கறுப்பினத்தாரின் வலியைக் குறைவாக மதிப்பிட்டனர்.

மகப்பேற்றில் நேரும் மரணம் மற்றொரு சான்று. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறந்தனர். கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தனர். செல்வமும் கல்வியும் பெற்ற கறுப்பினப் பெண்களிடமும் இவ்வேறுபாடு மறைந்துவிடவில்லை. வருமானமும் காப்பீடும் ஒத்திருந்தபோதும் சிறுபான்மையினர் பெறும் மருத்துவத்தின் தரம் தாழ்ந்திருப்பதை, அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை 2002ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தது.

எனவே, 'இம்மக்களிடம் என்ன குறை?' என்னும் வினாவுக்கு ஈடாக, 'இம்மக்களை நடத்தும் முறையில் என்ன குறை?' என்னும் வினாவும் ஆராயப்படவேண்டும். அதனை ஆராயத் தக்க இடத்தில் நிற்பவர் செவிலியர். 'வலிக்கிறது' என நோயாளி சொன்னதற்கும், வலிக்கு மருந்து வந்ததற்கும் இடையே கழிந்த நேரத்தை அறிபவர் அவர். எச்சரிக்கைக் குறிகள் தோன்றியும் எவரும் வாராத இரவுகளை அறிபவரும் அவரே. ஒரு பொருளைப் பல பக்கங்களினின்றும் காணவேண்டும் என்னும் அனேகாந்தக் கொள்கை நமக்குப் புதிதன்று. நோயாளியின் பக்கமிருந்து மருத்துவமனையை நோக்கினால் எவ்வாறு தோன்றும் என்பதும் அப்பக்கங்களுள் ஒன்றன்றோ?

அறிந்ததைச் செயலாக்குதல்

குறைகளை மட்டுமே அடுக்குதல் நேர்மையாகாது. நன்மை விளைந்த இடங்களும் உள்ளன.

பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த மார்த்தா ஹில் என்னும் செவிலிய அறிஞர், நகரின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்த இரத்தக் கொதிப்புள்ள கறுப்பின ஆடவர் 309 பேரிடையே ஓர் ஆய்வை நடத்தினார். இளைஞரும் நடுவயதினருமான இவர்கள் மருத்துவமனைக்கு வாராதவர்கள், சொன்னதைக் கேளாதவர்கள் என்று கைவிடப்பட்ட பிரிவினர். ஒரு பிரிவினர்க்கு, அறிவுரை கூறி உரிய மருத்துவ வசதியைச் சுட்டிக்காட்டும் வழக்கமான முறை பின்பற்றப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்குச் செவிலியர், அப்பகுதியையே சேர்ந்த நலப்பணியாளர், மருத்துவர் ஆகியோர் கொண்ட குழு துணைநின்றது. இல்லம் சென்று கண்டனர். மருந்தை இலவசமாக அளித்தனர். வேலை, வீடு முதலிய தொல்லைகட்கும் வழிகாட்டினர். மூன்றாண்டு முடிவில், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 31, குழு துணைநின்ற பிரிவில் நூற்றுக்கு 44. வியத்தகு மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. 'கேளாதவர்கள்' எனப்பட்டோரிடம் சென்று, அவர்கள் கூறுவதை முதலிற் கேட்டனர், அவ்வளவே.

அமெரிக்கப் பூர்வகுடியினரின் நீரிழிவு மற்றொரு சான்றாகும். அவர்கட்கென 1997இல் ஒரு தனித் திட்டம் தொடங்கப்பட்டது. அம்மக்களின் ஊர்களிலேயே செவிலியர், உணவு வல்லுநர், மருந்தாளுநர், மருத்துவர் ஆகியோர் குழுவாக இயங்கினர். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை, அம்மக்களில் வயதுவந்தோரிடையே 1996க்கும் 2013க்கும் இடையில் நூற்றுக்கு 54 பங்கு குறைந்தது. இரத்தத்திலேயே ஊறியது எனக் கருதப்பட்ட நோய், பராமரிப்பு அமைந்தவிடத்துப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஹவாசுபாய் மக்கள் இரத்தம் கொடுத்து வேண்டியதும் இத்தகைய பயனைத்தான் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

சிறியோர்க்காகச் செலவிடலாமா?

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழும். 'பொருள் குறைவாயின் பலர்க்குப் பயன்படும் ஆய்வுக்கன்றோ அதனைச் செலவிட வேண்டும்? ஒரு சிலர்க்காக ஏன் செலவிடுவது?' என்பர். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. பெருந்தொகையினரின் நலம் நலமன்று என நாமும் சொல்லவில்லை.

ஆயினும் மூன்று மறுமொழிகள் உள. ஒன்று, 'அனைவர்க்கும்' என நடத்தப்பட்ட ஆய்வு, உண்மையிற் பெரும்பான்மையினரின் உடலையும் வாழ்வையும் அளவுகோலாகக் கொண்டதாகவே இருந்து வந்தது. அதில் விடுபட்டோரைச் சேர்த்தல் கணக்கைத் திருத்துவதேயன்றிச் சலுகையாகாது. இரண்டு, விளிம்பில் நிற்போரிடம் கண்டறிந்தது நடுவில் நிற்போர்க்கும் பயன்படும். இல்லம் சென்று கேட்கும் முறை பால்டிமோரின் ஏழைகட்கு மட்டும் உரியதன்று. மூன்று, துன்பம் எண்ணிக்கையால் இலேசாவதில்லை. ஆயிரம் பேர் கொண்ட குடியில் ஒரு தாய் இறந்தாலும், கோடிப் பேர் கொண்ட குடியில் ஒரு தாய் இறந்தாலும், அவரவர் குழந்தைக்கு இழப்பு ஒன்றே.

சிறியோர்க்கு மற்றோர் இடரும் உண்டு. அவர்கள் பெரிய தலைப்புகளுக்குள் மறைந்துபோவர். அமெரிக்க அரசின் கணக்குகளில் ஆசியரும் பசிபிக் தீவினரும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்பட்டு வந்தனர். ஆசியருட் பலரின் நலம் சராசரியை உயர்த்தியதால், ஹவாய், சமோவா முதலிய தீவுகளைச் சேர்ந்த மக்களின் நோய் கணக்கில் தெரியாமற் போயிற்று. 1997இல்தான் அவ்விரு பிரிவுகளும் அரசாணையாற் பிரிக்கப்பட்டன.

இது நமக்கும் அயலான செய்தியன்று. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு இந்தியா முழுவதும் 44,51,753 சமணர்களைக் காட்டுகிறது. 2014ஆம் ஆண்டு சனவரியில் நடுவண் அரசு நம்மைச் சிறுபான்மையினராக அறிவித்தது. ஆயின் 'சமணர்' என்னும் அந்த ஒரே தலைப்பில், நகரங்களிற் குடியேறிய வணிகக் குடும்பங்களும், வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பிள்ளைகள் வேற்றூர் சென்றபின் கிராமத்தில் தனித்திருக்கும் நம் முதியோர்க்கு எந்நோய் மிகுதி, அவர்களைக் கவனிப்போர் யார் என்பன அத்தலைப்பைக் கொண்டு அறியத்தக்கன அல்ல.

யார் தீர்மானிப்பது?

மக்களைத் தனியே எண்ணினால் மட்டும் போதாது. அவர்கள் பெறும் பராமரிப்பு நன்றா அன்றா என்று சொல்லும் உரிமையும் அவர்கட்கு வேண்டும். இவ்வுரிமையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் அமெரிக்கர் அல்லர். நியூசிலாந்தின் மாவோரி இனத்தைச் சேர்ந்த இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் செவிலியர். 1980களின் இறுதியில் மாவோரி செவிலியர்களிடையே எழுந்த வினாவை அவர் ஒரு கொள்கையாக வகுத்தார். பண்பாட்டுப் பாதுகாப்பு என அதற்குப் பெயர். பராமரிப்பு பாதுகாப்பானதாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர், அதனைக் கொடுப்பவர் அல்லர், பெறுபவரே என்பது அதன் சாரம். ஒவ்வோர் இனத்தின் வழக்கங்களையும் செவிலியர் மனப்பாடம் செய்யவேண்டும் என அவர் கூறவில்லை. தம் கையிலுள்ள அதிகாரத்தைச் செவிலியர் முதலில் உணரவேண்டும் என்றார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதனைப் பாடத்திட்டத்திற் சேர்த்தது.

இதன் பொருளை நாம் எளிதில் உணரலாம். கதிரவன் மறைந்தபின் உண்ணா நெறியுடைய மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் எனக் கொள்வோம். இரவு உணவும் அதன்பின் விழுங்கும் மாத்திரையும் எட்டு மணிக்கு வருகின்றன. அவர் உண்ணவில்லை, 'ஒத்துழைக்காத நோயாளி' எனக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறார். உறை மாத்திரையின் உறை விலங்கின் பகுதியிலிருந்து ஆக்கப்பட்ட ஜெலட்டினா என அவர் வினவினால், அது வீண் பிடிவாதமாகத் தோன்றுகிறது. 'அம்மா, தாங்கள் எப்போது உண்பீர்கள்?' என ஒரு செவிலியர் முதல் நாளே கேட்டிருந்தால், மருந்தின் நேரத்தை மாற்ற இயலுமா என மருத்துவரோடு கலந்து தீர்த்திருக்கலாம். மாற்ற இயலாத மருந்தாயின், அதனை விளக்கிக் கூறியிருக்கலாம். கேட்பதற்குச் செலவாவது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை மருத்துவமனையின் முறையாகவே ஆக்குவது எவ்வாறு என்பதும் ஆய்வுக்குரிய பொருளே.

வரிசையும் நம் கடமையும்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுப்போம். முதலாவது, நம்பிக்கையைக் காத்தல். நோக்கத்தை மறையாது கூறி, மாறுந்தோறும் மீண்டும் இசைவு பெற்று, முடிவைக் கொடுத்தவரிடமே கொண்டுசேர்த்தல். இரண்டாவது, நோயுற்றாரின் உடலை மட்டுமன்றி, அவரை நடத்தும் அமைப்பையும் ஆராய்தல். மூன்றாவது, முன்னமே அறிந்த மருந்தும் முறையும் சென்று சேரும் வழியைத் தேடுதல். நான்காவது, சிறு பிரிவினரைப் பெருந்தலைப்பில் மறைக்காமல் தனியே எண்ணுதல். ஐந்தாவது, ஆராயப்படுவோரே ஆராய்வோராகவும் தீர்மானிப்போராகவும் வளர வழிசெய்தல். நோய்களின் பட்டியல் காலந்தோறும் மாறும், இவ்வரிசை மாறவேண்டுவதில்லை.

இவ்வாய்வுகளின் நிலை உறுதியானது எனவும் கருதற்கில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில், தேசியச் செவிலியர் ஆய்வு நிறுவனத்தையும், சிறுபான்மையினர் நலத்துக்கான ஆய்வு நிறுவனத்தையும் கைவிடும் முன்மொழிவு இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகளில் ஈட்டிய அறிவும் ஒரு வரியால் நீக்கத்தக்கதாகவே இருக்கிறது. பலர் வேண்டாத அறிவைக் காப்பதற்கு, அதன் தேவையை உணர்ந்தோர் இடைவிடாது பேசவேண்டியுள்ளது.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை இரண்டு. நம்மிடம் எவரேனும் ஆய்வுக்கென இரத்தமோ விவரமோ கேட்டு வந்தால், அச்சத்தால் விரட்டவும் வேண்டாம். மரியாதைக்காகக் கையொப்பமிடவும் வேண்டாம். இது எதற்கு, இதனை யார் காண்பர், எங்கட்கு என்ன திரும்பி வரும் என்னும் மூன்று வினாக்களையும் அமைதியாகக் கேட்போமாக.

மற்றது இதனினும் அரிது. எண்ணிக்கையிற் சிறியோராயிருத்தல் எப்போதும் எளியோராயிருத்தல் அன்று. நாட்டின் கணக்கில் சிறியோராகிய நாம், நம் இல்லத்திற் பணிபுரியும் பெண்ணுக்கும் நம் நிலத்தில் உழைப்போர்க்கும் முன்னே பெரியோராகவே நிற்கிறோம். அவர்கள் நோயுற்று வாராத நாளில் நாம் முதலிற் கேட்பது எதை? வேலை எப்போது முடியும் என்பதையா, அவர்க்கு எங்கே வலிக்கிறது என்பதையா? பிறரிடம் நாம் வேண்டும் கேள்வியை நம்மினும் எளியோரிடம் நாமே முதலிற் கேட்கத் தொடங்குவோமாயின், ஔஷததானம் என்னும் அறம் தன் முழுப்பொருளில் நம் இல்லங்களில் நிலைபெறும். சிந்திப்போமாக.